உடன் சென்றவர் உயர்ந்த கதை

(இளம் அறிவியல் – இயற்பியல், இரண்டாமாண்டு மாணவன்)

குடத்துள் இட்ட விளக்கைக் குன்றின்மேல் ஏற்றி வைக்க ஒரு கை வேண்டும். விளக்கின் ஒளியைப் புகழ்வோர் பலர். ஏற்றி வைத்த கையை நினைப்போர் சிலரே. ஆண்டு மலருக்குப் பெரியார் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு எங்கள் பேராசிரியர் பணித்தபோது, நாட்டுத் தலைவர்களையும் அறிவியல் மேதைகளையும் நண்பர்கள் முன்னமே எடுத்துக்கொண்டுவிட்டனர். நானோ நம் கல்லூரியில் பலரும் பெயரே கேட்டிராத ஒரு விளையாட்டு வீரரைத் தேர்ந்துகொண்டேன். அவர்தாம் அமெரிக்கக் கால்பந்தாட்டத்தின் முடிசூடா மன்னராகத் திகழ்ந்து 1997-இல் மறைந்த டான் ஹட்சன். ஆடுகளத்தில் மழைநீர் தேங்கி நின்ற ஒரு மாலையில் எங்கள் உடற்கல்வி இயக்குநர் அவரைப் பற்றிச் சொன்னார். அன்று முதல் கிடைத்த செய்திகளையெல்லாம் தேடிப் படித்து வருகிறேன். நான் ஏன் இவரைத் தேர்ந்தேன் என்பதைக் கட்டுரையின் முடிவில் சொல்கிறேன். தோழர்கள் அதுவரை பொறுத்தருள்க.

ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல்

அமெரிக்கக் கால்பந்து நாம் ஆடும் கால்பந்து அன்று. அங்கே பந்து இருமுனையும் கூர்ந்த முட்டை வடிவுடையது. காலால் உதைப்பது குறைவு. கையில் அணைத்துக்கொண்டு ஓடுவதும், கையால் எறிந்து தன் கட்சியாரிடம் சேர்ப்பதுமே மிகுதி. திடலின் நீளம் 100 கெஜம். அணிக்கு 11 பேர். நான்கு முயற்சிக்குள் பத்துக் கெஜமேனும் முன்னேற வேண்டும். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டு சேர்ப்பதற்கு டச்டவுன் என்று பெயர்.

தொடக்க காலத்தில் இது முட்டி மோதி நகரும் ஆட்டமாகவே இருந்தது. பந்தை முன்னோக்கி எறியலாம் என்ற விதி வந்ததே 1906-இல்தான். தொழில்முறைச் சங்கத்தில் அந்த விதி 1933-இல் மேலும் தளர்ந்தது. அடுத்த ஆண்டில் பந்தின் வயிறும் ஒடுங்கி, எறிவதற்கு எளிதாயிற்று. அப்படி எறியப்படும் பந்து தன் நீள அச்சைச் சுற்றிப் பம்பரம்போல் சுழன்றுகொண்டே செல்லும். சுழலும் பொருள் தன் அச்சின் திசையை எளிதில் விட்டுக்கொடுக்காது என்று கோண உந்தப் பாடத்தில் நாம் படித்ததுதான் அங்கே வானில் பறக்கிறது.

எறிபவர் ஒருவர் என்றால் பிடிப்பவர் ஒருவர் வேண்டுமல்லவா? வரிசையின் ஓரத்தில் நின்று, ஓடி, எதிரியை ஏய்த்து, வானிலிருந்து வரும் பந்தைக் கையில் வாங்குபவரை அக்காலத்தில் எண்ட் என்றனர். இக்காலத்தில் வைட் ரிசீவர் என்கின்றனர். அந்த இடத்திற்கு ஓர் இலக்கணம் வகுத்தவரே நம் கட்டுரைத் தலைவர்.

ரயில்வேக்காரர் வீட்டுப் பிள்ளை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில் ஆர்கன்சாஸ் என்றொரு மாநிலம். அதில் பைன் பிளஃப் என்னும் ஊரில் 1913-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் ஹட்சன் பிறந்தார். தந்தையார் ரயில்வேயில் பணிபுரிந்தவர். இவருக்குப் பின் இரட்டையராகப் பிறந்த தம்பியர் இருவர். செல்வம் கொழித்த குடும்பம் அன்று. சோற்றுக்கு அலைந்த குடும்பமும் அன்று.

சிறுவயதில் சாரணர் இயக்கத்தில் சேர்ந்து அதன் மிக உயர்ந்த நிலையான ஈகிள் தகுதியைப் பெற்றார். பாம்புகளைப் பிடித்து வளர்ப்பதில் அவருக்குப் பெருவிருப்பம் இருந்ததாம். பாம்பின் அசைவைக் கண்டு அதனினும் விரைவாகக் கையை நீட்டியும் இழுத்தும் பழகிய பிள்ளை பின்னாளில் பந்தைப் பற்றியதில் வியப்பென்ன?

ஆங்கிலத்தில் சாரணரை ஸ்கவுட் என்பர். ஊர் ஊராகச் சென்று இளம் வீரர்களின் ஆட்டத்தைக் கண்டு, வளரும் பயிர் எது, பதர் எது என்று பிரித்துச் சொல்பவருக்கும் அதே பெயர்தான். நம் வள்ளுவப் பெருந்தகை தெரிந்துதெளிதல் என்று ஓர் அதிகாரமே இத்திறத்திற்கு வகுத்துத் தந்திருக்கிறார். இன்று அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளை அளப்பது ஒரு பெருந்தொழில். நாற்பது கெஜ ஓட்டத்தை நொடிக்கணக்கில் அளக்கிறார்கள். ஆட்டத்தைப் படம் பிடிக்கிறார்கள். உணவு விடுதிக்குத் தருவதுபோல் பிள்ளைக்கும் ஐந்து வரை நட்சத்திரம் தருகிறார்கள். ஹட்சன் பள்ளியில் படித்த நாளில் இந்த ஏற்பாடுகள் இல்லை. ஊர்ச் செய்தித்தாளும் வாய்ச்சொல்லுமே சான்று.

குறிப்பேட்டில் என்ன இருந்திருக்கும்?

நாம் ஆய்வுக்கூடத்தில் குறிப்பேடு எழுதுவதுபோல, 1930-ஆம் ஆண்டையொட்டி ஒருவர் பைன் பிளஃப் உயர்நிலைப் பள்ளித் திடலுக்கு வந்து குறிப்பெழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று எண்ணிப் பார்த்தேன்.

பையன் உயரமானவன், ஆனால் ஒல்லி. கூடைப்பந்தில் மாநில அளவில் தேர்ந்தெடுக்கப்பட்டவன். பேஸ்பாலும் ஆடுகிறான். கால்பந்தோ பள்ளியின் இறுதி ஆண்டில் மட்டும்தான் ஆடினான். ஆட்டத்தின் நாயகன் இவன் அல்லன். இவனுடைய அண்டை வீட்டு நண்பன் பாப் சீவெல் என்பவன்தான் ஊரே கொண்டாடும் வீரன். முடிவு: மேலும் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆயினும் இந்தக் குறிப்பு அந்தப் பையனைக் காட்டவில்லை. கூடைப்பந்தில் எதிரியை ஒரு பக்கம் சாயவைத்து மறுபக்கம் நழுவும் கலையையும், பேஸ்பாலில் தலைக்குமேல் வரும் பந்தின் வழியைக் கணித்து ஓடும் கலையையும் அவர் கற்றுவிட்டிருந்தார். இரண்டும் கால்பந்தில் கூடும்போது என்ன நேரும் என்பதை அன்று அளந்து சொல்ல எந்தக் கருவியும் இல்லை. உடன் விளையாடிய தோழனுக்கு மட்டும் அது தெரிந்திருந்தது.

அலபாமா பல்கலைக்கழகத்தார் சீவெலைத்தான் விரும்பி அழைத்தனர் என்றும், ஹட்சனையும் சேர்த்துக்கொண்டால் தானும் வருவதாக அந்தத் தோழன் சொன்னான் என்றும் அவர் வரலாறு கூறுவோர் சொல்கின்றனர். தேடிவந்த வாய்ப்பைத் தான் மட்டும் எடுத்துக்கொண்டு போவது எளிது. அதில் பாதியைப் பிட்டு நண்பனுக்கும் வைப்பது அரிது. அரியதைச் செய்தான் சீவெல். நாயகனுக்குத் துணையாக அலபாமா சென்றவரே பின்னர் வரலாற்றின் நாயகரானார்.

அலபாமாவில் முளைத்த பயிர்

1932 முதல் 1934 வரை மூன்று பருவங்கள் அலபாமா அணியில் ஹட்சன் ஆடினார். பயிற்சியாளர் பிராங்க் தாமஸ். அணியின் மறுஓரத்தில் ஆடியவர் பால் பிரையன்ட் என்னும் இளைஞர். அவரும் ஆர்கன்சாஸ் மாநிலத்துக்காரரே. பிற்காலத்தில் அதே அலபாமாவின் பயிற்சியாளராகி ஆறு முறை தேசியப் பட்டம் பெற்றுத் தந்த பெரும்புகழாளர் அவர். ஆயினும் அந்த நாளில் ஹட்சனுக்கு எதிர்ப்பக்கம் ஆடியவர் என்றே அவரைச் சுட்டினர்.

ஹட்சன் ஒரே நாளில் ஓங்கி வளரவில்லை. மூன்றாம் பருவத்தில்தான் அவர் பெயர் நாடெங்கும் பரவியது. 1934-இல் அலபாமா தோல்வியே காணாத அணியாயிற்று; ஹட்சன் அனைத்து அமெரிக்க அணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1935-ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில், கலிபோர்னியா மாநிலத்தின் பாசடீனா நகரில் நடந்த ரோஸ் பவுல் ஆட்டத்தில், 80,000-க்கும் மேற்பட்ட மக்கள் முன்னிலையில், ஸ்டான்ஃபோர்டு அணியை அலபாமா 29-க்கு 13 என வென்றது. டிக்சி ஹவலின் எறிதிறனும் ஹட்சனின் பிடிதிறனும் அன்று பேசுபொருளாயின. ஹட்சன் இரண்டு டச்டவுன்கள் எடுத்தார்.

100 கெஜத்தை அவர் 9.7 நொடியில் ஓடக்கூடியவர். 100 கெஜம் என்பது 91.44 மீட்டர். கணக்கிட்டுப் பார்த்தேன், நொடிக்கு ஏறத்தாழ 9.4 மீட்டர் வருகிறது. ஆனால் விரைவு மட்டுமே அவர் வெற்றிக்குக் காரணமன்று. முழு விரைவையும் முதலிலேயே காட்டிவிடமாட்டார். சற்றுத் தளர்ந்தவர்போல ஓடுவார்; காப்பாளர் அந்த விரைவுக்குத் தம் காலைப் பழக்கிக்கொண்ட நொடியில் திடீரென்று பாய்வார். இடப்பக்கம் தோளைச் சாய்த்து வலப்பக்கம் திரும்புவார். இன்ன இடத்தில், இத்தனையாவது அடியில் திரும்புவது என்று முன்னமே வகுத்துக்கொண்டு ஓடுவார். இன்று அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கற்பிக்கப்படும் அந்த ஓட்டப் பாதைகளுக்கு வழிகாட்டியவர்களுள் முதல்வராக அவரைச் சொல்கின்றனர்.

சிற்றூர் அணியின் பெருவீரர்

விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே என்னும் சிறு நகரில் 1919-இல் தோன்றிய அணி பேக்கர்ஸ். இறைச்சி பதப்படுத்தி அடைக்கும் நிறுவனம் ஒன்றின் உதவியால் தொடங்கியதால் அப்பெயர் பெற்றது. பெருமுதலாளி ஒருவருக்குச் சொந்தமாகாமல், பொதுமக்கள் பங்கு வாங்கி நடத்தும் அணி அது. இன்றும் அவ்வாறே உள்ளது. அதன் நிறுவனர்களுள் ஒருவரும் பயிற்சியாளருமான கர்லி லாம்போ, பந்தை எறிந்து ஆடும் முறையில் நம்பிக்கை கொண்டவர். ரோஸ் பவுலுக்கு முன் ஹட்சனின் பயிற்சியைக் கண்டே அவர் மயங்கினார் என்பர். இந்த ஒல்லி உடல் தொழில்முறை ஆட்டத்தின் மோதலைத் தாங்குமா என்று பிறர் ஐயுற்றபோது, லாம்போ தாங்கும் என்று கண்டார்.

புரூக்ளின் அணியும் அவரை விரும்பியது. ஹட்சன் இரு அணிகளுக்கும் கையொப்பமிட்டுவிட்டார் என்றும், எந்த ஒப்பந்தத்தின் அஞ்சல் முத்திரை முந்தியதோ அதுவே செல்லும் என்று சங்கத் தலைவர் ஜோ கார் தீர்ப்பளித்தார் என்றும், பதினேழு நிமிட முந்துதலில் கிரீன் பே வென்றது என்றும் ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அணிகள் முறைவைத்து வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு வந்தது அடுத்த ஆண்டில், 1936-இல்தான்.

1935 செப்டம்பர் 22. எதிரணி சிகாகோ பேர்ஸ். ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஆர்னி ஹெர்பர் எறிந்த பந்தை ஹட்சன் பிடித்தார், ஓடினார், 83 கெஜத் தொலைவுக்கு டச்டவுன்! அன்று 7-க்கு 0 என்ற கணக்கில் கிரீன் பே வென்றது. அந்த ஒரே பாய்ச்சல்தான் வெற்றி. ஆட்டம் ஒன்றுக்கு 300 டாலர் அவருக்கு ஊதியமாம். மற்றவர் அறிந்தால் மனக்கசப்பு வருமென்று அதை இரண்டு வங்கிக் காசோலைகளாகப் பிரித்துக் கொடுத்தனர் என்றும் சொல்வர்.

1935 முதல் 1945 வரை 11 பருவங்கள். பிடித்த பந்துகள் 488. கடந்த தொலைவு 7,991 கெஜம். பிடித்து எடுத்த டச்டவுன்கள் 99. எட்டுப் பருவங்களில் பந்து பிடிப்பதில் அவரே முதல்வர். 1936, 1939, 1944 ஆகிய மூன்று ஆண்டுகளில் அவர் அணி பட்டம் வென்றது. 1942-இல் அவர் 74 பந்துகளைப் பிடித்து 1,211 கெஜம் கடந்தார். அதே பருவத்தில் இரண்டாமிடம் பெற்றவர் பிடித்தவை 27. போர்க்காலமாகையால் நல்ல வீரர் பலர் படைக்குச் சென்றிருந்தனர் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் போருக்கு முன்பும் அவரே முதல்வராக இருந்தார் என்பதும் உண்மை.

அக்காலத்தில் தாக்குவோரே காக்கவும் வேண்டும். காப்பாளராக நின்று எதிரியின் பந்துகளை 30 முறை இடைமறித்தார். உதைத்துப் புள்ளி எடுப்பதும் அவர் பணியே. 1945 அக்டோபர் 7-ஆம் நாள் டெட்ராய்ட் அணிக்கு எதிராக, ஆட்டத்தின் ஒரே கால்பகுதியில் நான்கு டச்டவுன்களும் ஐந்து உதைப்புள்ளிகளுமாக 29 புள்ளிகள் குவித்தார். அவருடைய 99 டச்டவுன் சாதனையை 1989-இல்தான் ஸ்டீவ் லார்ஜென்ட் என்பவர் முறியடித்தார். 1963-இல் தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மன்றம் திறக்கப்பட்டபோது, முதல் வரிசையில் சேர்க்கப்பட்டவர்களுள் ஹட்சனும் ஒருவர். அவர் அணிந்த 14-ஆம் எண்ணைக் கிரீன் பே அணி வேறு எவருக்கும் தருவதில்லை. 1997 ஜூன் 26-ஆம் நாள் கலிபோர்னியாவில் அவர் மறைந்தார்.

திடலுக்கே வராதவர்கள்

இத்துடன் கட்டுரையை முடித்திருக்கலாம். ஆனால் ஆண்டுகளைக் குறித்துக்கொண்டு வந்தபோது என் பேனா ஓரிடத்தில் நின்றுவிட்டது.

1934 முதல் 1945 வரை தேசியக் கால்பந்துச் சங்கத்தில் கறுப்பின வீரர் ஒருவர்கூட ஆடவில்லை. ஹட்சன் ஆடியதோ 1935 முதல் 1945 வரை. அவர் ஆடிய காலம் முழுவதும் அந்த வாயில் கறுப்பின மக்களுக்கு மூடியே இருந்தது. கென்னி வாஷிங்டன் என்பவர் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியில் சேர்ந்தது 1946-இல்; ஹட்சன் ஆட்டத்தை விட்ட மறுஆண்டு. ஹட்சனின் சொந்த ஊரிலும் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிதான். அவர் படித்த பல்கலைக்கழகத்தின் கதவும் அவர்களுக்கு அடைபட்டிருந்தது.

இது ஹட்சனின் குற்றமென்று நான் சொல்ல வரவில்லை. அவருடைய உழைப்பும் பொய்யன்று. ஆனால் ஊர் ஊராகத் திறமையைத் தேடிச் சென்ற கண்கள் பாதித் தெருக்களுக்குள் நுழையவே இல்லை. அங்கேயும் பாம்பினும் விரைந்த கைகள் இருந்திருக்கும். இவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல அங்கே ஒரு தோழன் இருந்திருந்தாலும், அவன் சொல் ஏறும் அம்பலம் இல்லை.

காலம் ஒரு வட்டம் வந்தது. அலபாமா கால்பந்து அணியில் உதவித்தொகையுடன் முதல் கறுப்பின வீரராக வில்பர் ஜாக்சன் சேர்ந்தது 1970-ஆம் ஆண்டில். அப்போது அங்கே பயிற்சியாளராக இருந்தவர், முன்னொரு நாள் ஹட்சனுக்கு எதிர்ப்பக்கம் ஆடிய அதே பிரையன்ட்தான். கதவு திறந்தது, ஆனால் ஹட்சன் அக்கல்லூரியை விட்டு 35 ஆண்டுகள் கழித்துத் திறந்தது. அந்த 35 ஆண்டுகளில் வெளியே நின்றவர்களை எந்தக் குறிப்பேட்டிலும் காண முடியாது.

இவரை ஏன் தேர்ந்தேன்?

இப்போது தொடக்கத்தில் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன்.

எங்கள் தெருவில் என் வயதுடைய நண்பன் ஒருவன். கபடியில் மண்டலப் போட்டிவரை சென்றவன். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கோடையில், விளையாட்டுப் பிரிவில் இக்கல்லூரிக்கு விண்ணப்பிக்க என்னைக் கணினி மையத்துக்குத் துணைக்கு அழைத்தான். படிவத்தில் உள்ள ஆங்கிலத்தைப் படித்துச் சொல்லத்தான் நான் போனேன். எனக்கு விண்ணப்பிக்கும் எண்ணமே இல்லை. அப்பா செங்கல் சூளையில் வேலை செய்பவர். நான் ஒரு கடையில் கணக்கெழுதப் போவதென்று வீட்டில் பேசி முடித்தாயிற்று. எங்கள் குடும்பத்தில் அதுவரை எவரும் கல்லூரி வாயிலை மிதித்ததில்லை.

நண்பன் என் மதிப்பெண் பட்டியலைக் கொண்டுவரச் சொன்னான். என் படிவம் நிரம்பாமல் தன் படிவத்தை அனுப்பப் போவதில்லை என்று நாற்காலியில் அமர்ந்துவிட்டான். புதுக் காலணிக்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்திலிருந்து இருவருக்கும் கட்டணம் கட்டினான். அவனுக்கு வரலாற்றில் இடம் கிடைத்தது, எனக்கு இயற்பியல். சென்ற ஆண்டு இரண்டாம் பருவத்தில் அவன் தந்தை சாரத்திலிருந்து விழுந்து படுத்துவிட்டார். நண்பன் இப்போது திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் இருக்கிறான். உடன் வந்த நான் வகுப்பில் இருக்கிறேன். அழைத்து வந்த அவன் இல்லை.

சீவெலின் பெயரைப் படித்த அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஹட்சனின் 99 டச்டவுன்களையும் உலகம் எண்ணி வைத்திருக்கிறது. அந்த ஒரு வார்த்தைக்கு எந்தப் பட்டியலில் இடம் இருக்கிறது?

மாணவத் தோழர்களே! நம்மில் எவரும் தனியாக வந்தவர் அல்லர். எவரோ ஒருவர் நமக்காக ஒரு படிவத்தின் முன் பிடிவாதமாக அமர்ந்திருக்கிறார். அக்கடனை அவருக்கே திருப்பித் தர இயலாமற் போகலாம், அடுத்தவருக்குத் தரலாம். வரும் கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது நம் தெருவை மட்டும் பார்த்துவிட்டு வராமல், நாம் வழக்கமாக நுழையாத தெருவிலும் நுழைந்து பார்ப்போம். விண்ணப்பிக்காமல் இருக்கும் ஒரு தம்பியையோ தங்கையையோ உடன் அழைத்து வருவோம். விரிவுரையாளப் பெருமக்களே! வருகைப் பதிவேட்டில் பெயர் அடிக்கப்பட்டவர்களையும் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன்.

என் நண்பன் மறுசேர்க்கை பெற்று வர வழியுண்டா என்று அலுவலகத்தில் விசாரித்து வைத்திருக்கிறேன். உண்டு என்றார்கள். இம்மலர் அச்சாகி வந்ததும், அதற்கான படிவத்தையும் உள்ளே வைத்து, ஒரு படி திருப்பூருக்கு அனுப்புவேன். இந்த முறை படிவத்தை நிரப்பிக் கட்டணம் கட்டுவது என் முறை.